பயணப்படி சலுகையா, உரிமையா? ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் கண் நல வரலாறு சொல்லும் பாடம்



சில ஆண்டுகளுக்கு முன்பு தூய்மைப் பணியாளர்களின் உடல்நலம் பற்றி நகரத்து விடுதி ஒன்றில் இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. நாங்கள் வேலை செய்யும் பகுதியிலிருந்து இரண்டு பெண் தொழிலாளர்களை அழைத்துப் போக விரும்பினோம். பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய அமைப்பாளர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். பேருந்துச் செலவு, இரவு தங்க இடம், இரண்டு நாள் கூலி இழப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. "அதுக்குன்னு தனியா ஹெட் கிடையாதுங்க" என்றார்கள். அந்தப் பெண்கள் வரவில்லை. கையுறை கொடுத்தாலும் தொழிலாளர்கள் ஏன் போட்டுக்கொள்வதில்லை என்று ஒருவர் மேடையில் அரை மணி நேரம் விளக்கினார். அந்தக் கேள்விக்கு உண்மையான விடை தெரிந்த இருவரும் அந்த நேரத்தில் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாதிக்கப்பட்ட மக்கள் மாநாட்டு அரங்குக்கு வந்துசேர யார் செலவு செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியோடு மற்ற நாடுகளின் அனுபவங்களைப் படிக்கத் தொடங்கினோம். ஆஸ்திரேலியாவில் தொல்குடி மக்களின் கண் நலத்துக்காக ஒரு தேசிய மாநாடு நடக்கிறது. அதில் தொல்குடிகளும் டோரஸ் நீரிணைத் தீவினரும் கலந்துகொள்வதற்காகப் பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் ஆகிய செலவுகளுக்கு உதவித்தொகை தருகிறார்கள். இந்த உதவித்தொகையைத் தாராள மனத்தின் அடையாளம் என்று கடந்துபோய்விடலாம். அதன் பின்னால் இருக்கும் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் படித்தால் அப்படிக் கடந்துபோக முடியாது.

பார்வை எப்படிப் போனது

டிரகோமா என்பது கிருமியால் பரவும் ஒரு கண் நோய். சிறு வயதில் திரும்பத் திரும்பத் தொற்றும்போது இமையின் உட்புறம் தழும்பாகிறது. தழும்பு சுருங்கச் சுருங்க இமை மடிந்து, இமை முடிகள் உள்நோக்கித் திரும்பிவிடுகின்றன. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அந்த முடிகள் கருவிழியைக் கீறுகின்றன. பல ஆண்டுகள் இந்த வேதனையைத் தாங்கிய பிறகு பார்வை போகிறது.

ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் இந்த நோய் பரவலாக இருந்தது. நெரிசல் இல்லாத வீடும் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் வந்தபோது அங்கே பெரும்பாலும் தானாகவே மறைந்தது. ஆனால் பணக்கார நாடான ஆஸ்திரேலியாவில் 21-ஆம் நூற்றாண்டிலும் அது நீடித்தது. வருமானம் மிகுந்த நாடுகளில் டிரகோமாவை ஒழிக்காமல் வைத்திருந்த ஒரே நாடு என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. நகரங்களில் வாழும் வெள்ளையர்களிடையே அது மறைந்துவிட்டது. உள்நாட்டுத் தொல்குடிக் குடியிருப்புகளில் மட்டும் தங்கியது. ஒரே நாட்டுக்குள் ஊர் வேறு, சேரி வேறு என்பது நமக்குப் புதிதா என்ன?

2008-இல் நடந்த தேசியத் தொல்குடிக் கண் நல ஆய்வின் முடிவுகளை நாம் அனைவரும் படிக்க வேண்டும். தொல்குடிக் குழந்தைகளின் பார்வை மற்ற ஆஸ்திரேலியக் குழந்தைகளின் பார்வையைவிட நன்றாக இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களிடமோ பார்வையின்மை மற்றவர்களைவிட 6 மடங்கு அதிகம். கண்புரையால் வரும் பார்வையின்மை 12 மடங்கு அதிகம். பார்வை இழப்பில் 94 விழுக்காடு தடுக்கக்கூடியது அல்லது குணப்படுத்தக்கூடியது. நல்ல கண்களோடு பிறந்த மக்கள் வளர வளரப் பார்வையை இழக்கிறார்கள் என்றால் குறை அவர்கள் உடம்பில் இல்லை. அவர்களை நடத்திய அரசிலும் சமூகத்திலும் இருக்கிறது.

வேலைநிறுத்தத்தில் தொடங்கிய கதை

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் வேவ் ஹில் என்ற மிகப்பெரிய மாட்டுப்பண்ணை இருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த வெஸ்டி குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்த நிலத்தின் உரிமையாளர்களான குரிஞ்சி மக்கள் அங்கே கொத்தடிமைகளைப் போல வேலை செய்தார்கள். 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் சுமார் 200 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். முதலில் அது கூலிப் போராட்டமாகப் பார்க்கப்பட்டது. நிலத்தைத் திரும்பக் கேட்கும் போராட்டம் என்பது விரைவில் வெளிப்பட்டது. அவர்கள் வாட்டி கிரீக் என்ற இடத்தில் தங்கினார்கள்.

1968-இல் அங்கே போனார் ஃபிரெட் ஹாலோஸ் என்ற கண் மருத்துவர். நியூசிலாந்தில் பிறந்தவர், ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். அங்கே பார்த்த கண் நோய்களின் அளவு அவரை உலுக்கியது. கண் நலத்தை நில உரிமையிலிருந்தும் கூலியிலிருந்தும் பிரிக்க முடியாது என்ற பாடத்தை அவர் போராட்டக் களத்தில் கற்றுக்கொண்டார்.

1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் ஒரு சிறிய கடையிடத்தில் தொல்குடி மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. கோர்டன் பிரிஸ்கோ, கேரி ஃபோலி, ஷெர்லி ஸ்மித் போன்ற தொல்குடிச் செயல்பாட்டாளர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். ஹாலோஸும் உடன் இருந்தார். தொல்குடிச் சமூகமே நிர்வகிக்கும் மருத்துவ சேவைகளில் நாட்டிலேயே முதலாவது அது. மருத்துவர் வேலைக்கு இருப்பார், முடிவைச் சமூகம் எடுக்கும் என்பதே அதன் விதி.

வண்டிக்கு முன்னால் போனவர்கள்

1976-இல் மத்திய அரசின் நிதியோடு தேசிய டிரகோமா மற்றும் கண் நலத் திட்டம் தொடங்கியது. 1978 வரை 465 குடியிருப்புகளுக்குப் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் கண்களைப் பரிசோதித்தார்கள். 27,000 பேருக்கு டிரகோமாவுக்குச் சிகிச்சை கிடைத்தது. ஏறத்தாழ 1,000 அறுவைச் சிகிச்சைகள் நடந்தன.

ஆஸ்திரேலியாவில் ஹாலோஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த எண்ணிக்கைகள் எப்படிச் சாத்தியமாயின என்று கேட்டால் வேறு பெயர்கள் வருகின்றன. திட்டத்தின் துணை இயக்குநராக இருந்தவர் கோர்டன் பிரிஸ்கோ. அலைஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்த தொல்குடி மனிதர், பின்னாளில் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர். ட்ரெவர் பஸாகாட் போன்ற தொல்குடித் தொடர்பாளர்கள் மருத்துவக் குழுவின் வண்டி வருவதற்கு முன்பே ஒவ்வொரு குடியிருப்புக்கும் போனார்கள். பெரியவர்களிடம் பேசினார்கள். எதற்காக வருகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற்றார்கள். ஜில்பியா ஜோன்ஸ் போன்ற தொல்குடிச் செவிலியர்கள் குழுவோடு பயணம் செய்தார்கள்.

வெள்ளை அதிகாரி வண்டியில் வந்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவார் என்று அஞ்சிய மக்கள் அவர்கள். அரசே பல தலைமுறைகளாகக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த நாடு அது. அங்கே அரசுப் பணத்தில் வந்த ஒரு குழுவை நம்பி மக்கள் கண்ணைக் காட்டினார்கள் என்றால், தங்கள் ஆட்கள் முன்னால் வந்து சொன்னதற்கு அதில் பெரும் பங்கு இருக்கிறது. அவர்களுடைய சம்பளமும் பயணச் செலவும் திட்டத்தின் செலவாகவே இருந்தன.

குவீன்ஸ்லாந்தில் நடந்தது

அந்தத் தொடர்பாளர்களில் இருவர் மிக் மில்லர், கிளாரி குரோகன். மில்லர் வட குவீன்ஸ்லாந்து நில உரிமை இயக்கத்தின் முன்னணித் தலைவர். 1977-இல் குவீன்ஸ்லாந்து மாநில முதல்வர் ஜோ பியெல்கி-பீட்டர்சன் ஒரு புகார் எழுப்பினார். இந்த இருவரும் கண் பரிசோதனைக்குப் போகிற இடத்தில் தொல்குடிகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்பதுதான் புகார். அதன் பிறகு குவீன்ஸ்லாந்தில் திட்டத்தின் பணி நிறுத்திவைக்கப்பட்டது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது குற்றம் இல்லை. ஆஸ்திரேலியத் தொல்குடிகள் மத்தியத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை முழுமையாகப் பெற்றதே 1962-இல். மாநிலத் தேர்தலில் அந்த உரிமையைக் கடைசியாகத் தந்த மாநிலம் குவீன்ஸ்லாந்து, 1965-இல். பன்னிரண்டே ஆண்டுகள் கழித்து, அந்த உரிமையைப் பயன்படுத்தச் சொன்னதற்காகக் கண் சிகிச்சை நின்றது. கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்ளலாம், கண் திறந்துவிடக் கூடாது என்பதே அன்றைய அதிகாரத்தின் நிலை. நோயாளியாக வரும் தொல்குடியை அது பொறுத்துக்கொண்டது. பேசவும் அணிதிரட்டவும் வந்த தொல்குடியைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை.

பார்வையற்ற ஒருவர் கண்டுபிடித்த காரணம்

யாமி லெஸ்டர் என்ற யாங்குன்யஜாரா இனத் தலைவரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்த வரலாறு நிறைவடையாது. 1953-இல் பிரிட்டன் தென் ஆஸ்திரேலியாவின் எமு ஃபீல்டில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது அவர் சிறுவன். கரும் மூடுபனி ஒன்று தங்கள் முகாம்மீது படர்ந்ததையும் அதன் பிறகு கண்கள் பாதிக்கப்பட்டதையும் அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அந்தச் சோதனைகள் குறித்து 1984-இல் அரச விசாரணை ஆணையம் அமைந்ததற்கு அவரது குரலும் காரணம்.

அவரே நகனம்பா என்ற தொல்குடி மருத்துவக் கழகத்தின் இயக்குநராக இருந்தபோது வேறொரு கேள்வி எழுப்பினார். சிகிச்சை கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், மக்கள் நோயுற்றுக்கொண்டே இருக்கிறார்கள், முதலில் நோய் வருவதை நிறுத்த என்ன வழி என்பதே அது. ஒரு மருத்துவர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சுற்றுச்சூழல் பணியாளர் ஆகியோர் மக்களோடு சேர்ந்து வீடு வீடாகப் பார்த்தார்கள். 1987-இல் அறிக்கை வந்தது. குழந்தையின் முகத்தைக் கழுவத் தண்ணீர் வரும் குழாயும் வெளியேறும் சாக்கடையும் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இந்த வேலை பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. தொல்குடிகள் வீட்டைப் பாழாக்குகிறார்கள் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த வசை அதில் உடைந்தது. பழுதுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் பராமரிப்பு இல்லாததும் மோசமான கட்டுமானமும். குடியிருந்தவர்களின் தவறான பயன்பாட்டால் வந்தவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கையுறை பற்றிய அந்த அரை மணி நேர உரை எங்களுக்கு மறுபடி நினைவுக்கு வந்தது இந்த இடத்தில்தான். பாதிக்கப்பட்டவர் அறையில் இல்லாதபோது அவருடைய பழக்கவழக்கமே பிரச்சினை என்று முடிவாகிறது. அவர் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கும்போது குழாய் ஏன் ஓடவில்லை என்று பேச்சு மாறுகிறது.

மாநாட்டு அரங்கு வரை

1980-இல் டிரகோமா திட்டத்தின் அறிக்கை வெளிவந்தது. 1997-இல் அரசுக்காக ஹியூ டெய்லர் இன்னொரு மதிப்பாய்வு செய்தார். இளம் மருத்துவராக ஹாலோஸோடு பயணம் செய்தவர் அவர். இடைப்பட்ட ஆண்டுகளில் செய்ய வேண்டியவை நிறையவே மிஞ்சிக் கிடந்தன. 2012-இல் அவர் தலைமையில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் தொல்குடிக் கண் நலப் பிரிவு 42 பரிந்துரைகள் கொண்ட ஒரு செயல் வரைபடத்தை வெளியிட்டது.

அந்த வரைபடம் நோயாளியின் பயணத்தை ஓட்டை விழுந்த குழாயோடு ஒப்பிட்டது. கண் பரிசோதனைக்கு வரும் நூறு பேரில் அறுவைச் சிகிச்சை வரை போய்ச்சேருபவர் சிலரே. ஓர் ஓட்டையை மட்டும் அடைத்தால் தண்ணீர் அடுத்த ஓட்டையில் ஒழுகும். எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். சரி, ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? மருத்துவமனைக்குப் போக வண்டி இல்லாதது, கடிதம் பழைய முகவரிக்குப் போனது, மொழிபெயர்க்க ஆள் இல்லாதது, துணைக்கு யாரும் வர முடியாததால் பாட்டி அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது... இவையெல்லாம் அந்தக் குடியிருப்பின் சுகாதாரப் பணியாளருக்குத்தான் தெரியும். தலைநகரத்து அதிகாரிக்குத் தெரியாது.

2018-இல் மெல்போர்னிலும் 2019-இல் அலைஸ் ஸ்பிரிங்ஸிலும் தேசிய அளவில் இதற்கான மாநாடுகள் நடந்தன. அப்போது மாநாட்டின் பெயரில் 2020-க்குள் பார்வை இடைவெளியை மூடுவது என்ற இலக்கு இருந்தது. 2022-இல் டார்வினில் கூடியபோது அது தொல்குடிகள் மற்றும் டோரஸ் நீரிணைத் தீவினரின் கண் நல மாநாடு என்ற பெயரைத் தாங்கியிருந்தது. இலக்கு ஆண்டு இருந்த இடத்துக்கு மக்களின் பெயர் வந்தது.

பெயர் வந்தால் போதாது, மக்களும் வர வேண்டும். அலைஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மெல்போர்ன் சுமார் 1,900 கிலோமீட்டர். உட்புறக் குடியிருப்பிலிருந்து அலைஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்துசேரவே மண்சாலையில் நாள் முழுவதும் ஆகலாம். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் அரசு அதிகாரிக்கும் அவரவர் நிறுவனம் பயணச்சீட்டு எடுத்துத் தருகிறது. அதை யாரும் உதவித்தொகை என்று அழைப்பதில்லை, 'அலுவல் பயணம்' என்கிறார்கள். சிறிய சமூக மருத்துவ நிலையத்தில் வேலை செய்பவருக்கு அதே செலவு கொடுக்கப்படும்போது மட்டும் அது 'உதவி' ஆகிவிடுகிறது. இந்தச் சொல் வேறுபாட்டைக் கவனியுங்கள். பண்பாட்டு மேலாதிக்கம் கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பலன் இல்லாமல் இல்லை. 2008-இல் 6 மடங்காக இருந்த பார்வையின்மை இடைவெளி, 2016-இல் வெளியான தேசிய ஆய்வில் 3 மடங்காகக் குறைந்திருந்தது. அந்த மாற்றத்தை மாநாடு கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டோம். தொல்குடிகளே நடத்தும் மருத்துவ நிலையங்களும் ஊர் ஊராக உழைத்த பணியாளர்களும் அதற்கு முதன்மைக் காரணம். அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்து, அதிகாரிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் இடம் மாநாடு. ஆஸ்திரேலியாவின் முதல் தொல்குடிக் கண் மருத்துவராக கிரிஸ் ராலா-பேக்கர் தகுதிபெற்றது 2018-இல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதுவரை மேடையில் நிபுணராக நின்றவர்கள் யார் என்று தனியே சொல்ல வேண்டுமா?

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

1923-இல் கனடாவின் கயூகா இனத் தலைவர் டெஸ்காஹே, தம் மக்களின் உரிமைக்காக ஜெனீவா வரை போனார். நாடுகளின் சங்கம் அவரைப் பேச அனுமதிக்கவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1982-இல், ஐ.நா. தொல்குடிகளுக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதற்கு வர அவர்களிடம் பணம் இல்லை என்பதால் 1985-இல் பயணச் செலவுக்கென ஒரு தன்னார்வ நிதியை ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது. அந்தப் பணிக்குழுவில் எழுதத் தொடங்கிய வரைவுதான் 2007-இல் தொல்குடிகளின் உரிமைப் பிரகடனம் ஆனது. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. 2009-இல்தான் அது ஆதரவு தெரிவித்தது.

நம் வரலாற்றிலும் இது உண்டு. 1913-இல் பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்ததால் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1930-இல் லண்டன் வட்டமேசையில் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்தார்கள். நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசிவந்த இடத்தில் நாமே பேசினோம். அந்த உதவித்தொகையை யாராவது பரோடா மன்னர் போட்ட பிச்சை என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

நாம் கேட்க வேண்டியவை

உதவித்தொகை தந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. ஓர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துப் படம் எடுத்து, முடிவை வேறு அறையில் எடுப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லத் தொல்குடிகளுக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கையை 60 விழுக்காட்டு ஆஸ்திரேலிய வாக்காளர்கள் நிராகரித்தார்கள். மாநாட்டுக்குப் பயணச்சீட்டு கிடைக்கும் நாட்டில் அரசியல் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. முதலாவது இரண்டாவதற்கு மாற்று ஆகாது.

ஆனாலும் முதலாவது இல்லாமல் இரண்டாவதை நோக்கி நடக்க ஆள் சேராது. ஆகவே மாணவத் தோழர்களுக்கும் இளம் செயல்பாட்டாளர்களுக்கும் சில நடைமுறைக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

நீங்கள் கருத்தரங்கு நடத்தினால், பேச்சாளர் பட்டியலுக்கு முன்பே பாதிக்கப்பட்ட மக்களின் பயணப்படிக்கு ஒரு ஹெட் எழுதுங்கள். அதில் இழந்த கூலியைச் சேருங்கள். கைக்குழந்தையோடு வருபவருக்குத் துணையாள் செலவைச் சேருங்கள். பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். பில் கொண்டுவந்தால் பிறகு தருகிறோம் என்பது கையில் பணம் இருப்பவர்களுக்கான விதி. ஒருவரை மட்டும் அழைக்காதீர்கள், குறைந்தது இருவராவது வரட்டும். தனியாக வந்தவர் தலையாட்டிவிட்டுப் போவார், துணையோடு வந்தவர் மறுத்துப் பேசுவார். முடிவு எடுக்கும் அமர்வில் அவர்கள் இருக்கட்டும். தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்ற மட்டும் கூப்பிடாதீர்கள்.

நீங்கள் அழைக்கப்படுபவராக இருந்தால், பயணப்படி கேட்கக் கூச்சப்படாதீர்கள். மிக் மில்லரும் கிளாரி குரோகனும் சம்பளம் வாங்கிக்கொண்டு கண் பரிசோதனைக்கு ஆள் சேர்த்தார்கள், கூடவே வாக்காளர் பட்டியலுக்கும் ஆள் சேர்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். அதைக் கண்டு ஒரு மாநில அரசே பதறியது. மக்கள் வந்துசேர்ந்தால் என்ன நடக்கும் என்று அதிகாரத்துக்குத் தெரியும். ஹெட் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அதை நினைவில் வையுங்கள்.

எங்கள் பகுதியின் அந்த இரண்டு பெண்களும் அடுத்த ஆண்டு வேறொரு கூட்டத்துக்கு வந்தார்கள். தெரிந்த நண்பர்களிடம் வசூல் செய்து கூலியும் பேருந்துச் செலவும் கொடுத்தோம். கையுறை பற்றிக் கேட்டார்கள். ஒருவர் எழுந்து சொன்னார்: "ஆம்பளைங்க சைசுல குடுக்குறீங்க. போட்டா தொடப்பம் நழுவுது." அரை மணி நேர உரைக்கு விடை இரண்டே வரியில் கிடைத்தது.

ஜெய்பீம்.